நிச்சயதார்த்தத்தில் மூழ்கிய கப்பல்

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்தத் தெரியாதவன் நான். பள்ளிக்கூடத்தில் பல வருடம் வரலாறு நடத்தியதில் வந்த கோளாறு. (மணி கேட்டவருக்குக் கடிகாரம் பிறந்த கதையைச் சொன்னேன் என்பாள் என் மனைவி சாரதா. மிகை. பாதி சொல்வதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது.)

என் அக்கா மகள் நித்யாவுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை அருண், பம்மல்காரர், சரக்குக் கப்பலில் அதிகாரி. நிச்சயதார்த்தம் முடிந்த பத்தாம் நாள் அவர் கப்பலேற வேண்டும். பதவி உயர்வோடு ஏறப்போகிற முதல் கப்பல். திரும்பி வந்ததும் கல்யாணம்.

தாய்மாமன் முறைக்கு நான் ஒரு தங்க நாணயம் கொடுப்பதாக ஏற்பாடு. தாம்பரத்தில் வழக்கமாகப் போகும் கடையில் லட்சுமி நாணயம் வாங்கச் சொன்னாள் சாரதா. லட்சுமியை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். நான் இணையத்தில் தேடி, வெளிநாட்டு நினைவு நாணயம் ஒன்றை வரவழைத்தேன். சுண்டுவிரல் நகமளவு தங்கம், நீல வெல்வெட் பெட்டி, சான்றிதழ். நாணயத்தில் நான்கு புகைபோக்கிகளோடு டைட்டானிக். கப்பல்கார மாப்பிள்ளைக்குக் கப்பல் நாணயம் என்று இரண்டு நாள் என்னை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் கப்பலின் கதி எனக்குத் தெரியாமல் இல்லை. பல வருடம் வகுப்பில் சொன்ன கதை. அது நிச்சயதார்த்த மேடைக்குப் பொருந்துமா என்ற எண்ணம் மட்டும் ஒரு நிமிடம்கூட வரவில்லை.

மேடவாக்கத்தில் மண்டபம். யார் என்ன கொடுத்தார்கள் என்று ஒருவர் மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. பெட்டியைத் திறந்த அருண் நாணயத்தைப் பார்த்தார். பிறகு, "ரொம்ப நல்லா இருக்கு மாமா" என்று சொல்லி அவசரமாக மூடப்போனார். நல்ல பையன். அதற்குள் அவருடைய அம்மா விஜயா பெட்டியை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"டைட்டானிக்னு போட்டிருக்கே. இது மூழ்கிப்போன கப்பல்தானே அண்ணா?"

இல்லை என்று நான் சொல்ல வேண்டும் என அந்தக் குரல் கெஞ்சியது. இன்று யோசித்தால் புரிகிறது. பெயர்தான் அப்படி, சும்மா ஒரு கப்பல் படம் என்று மழுப்பி இருக்கலாம். அறிவிப்பாளர் மைக்கை என் வாய்க்கருகே நீட்டியிருந்தார். வகுப்பில் ஒரு கை உயர்ந்ததுபோல எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது.

"ஆமாம்மா. மூழ்கவே மூழ்காதுன்னு சொன்ன கப்பல். முதல் பயணத்துலேயே பனிப்பாறையில இடிச்சுது."

அதோடு நிறுத்தினேனா? தண்ணீர் எந்தெந்தத் தளத்தில் ஏறியது, உயிர்ப்படகுகள் ஏன் போதவில்லை, கடல் எவ்வளவு குளிர்ந்திருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். கீழே பந்தியில் ரசம் ஊற்றியவர் கரண்டியோடு நின்று கேட்டதாகப் பிறகு அறிந்தேன்.

விஜயா அழவில்லை. பெட்டியை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மடக்கிவிட்டு, மேடையிலிருந்து இறங்கிப் போனார். நித்யா என்னைப் பார்க்கவே இல்லை.

இரண்டே நாளில் செய்தி வந்தது. இந்தக் கப்பல் வேண்டாம் என்று அம்மா சாப்பிடாமல் படுத்திருக்கிறாராம். குடும்பக் காரணம் என்று சொல்லி அருண் விலகிக்கொண்டார். கப்பல் போனது, பதவி உயர்வும் அதோடு போனது, கல்யாணம் தள்ளிப்போனது. நித்யா ஒரே ஒரு முறை போன் செய்தாள்.

"மாமா, நீங்க வேணும்னு செய்யலன்னு தெரியும். ஆனா கொஞ்ச நாள் யார்கிட்டயும் எதுவும் பேசாதீங்க."

அந்த மாதம் முழுக்கச் சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றித் தனியாக நடந்தேன். பிறகு ஒருநாள் லட்சுமி நாணயத்தோடு ஷேர் ஆட்டோ பிடித்துப் பம்மல் போனேன். இந்தக் காலக் கப்பல்களின் பாதுகாப்பு பற்றி ஒரு பாடமே தயாரித்திருந்தேன். (ஆம், திருந்தவில்லை.)

விஜயா காபி கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"கப்பல் மூழ்கும்னு தெரியாதவளா அண்ணா நான்? அவன் ஒவ்வொரு தடவ போறப்பவும் அதான் ஞாபகம். யாரும் வாய்விட்டு சொல்லாததால சமாளிச்சுட்டு இருந்தேன்."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காபியைப் பேசாமல் குடித்து முடித்தேன்.

கிளம்பும்போது அவர் சொன்னார்: "அவன் போகட்டும். தடுத்தது தப்புதான். ஆனா எங்கடா இருக்கேன்னு கேட்டா, நல்லா இருக்கேன்மான்னு மட்டும்தான் சொல்றான். உங்களுக்குத்தான் மறைக்கத் தெரியாதே. கப்பல் எங்க இருக்குன்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க."

அடுத்த கப்பலில் அருண் பழைய பதவியிலேயே போனார். விட்டுப்போன பதவி உயர்வு கிடைக்க மேலும் இரண்டு வருடம் ஆனது. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் தேவலை.

கல்யாணம் நடந்து இப்போது அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு மகள். அருண் கடலில் இருக்கும்போதெல்லாம் ஞாயிறு காலை விஜயா எனக்கு போன் செய்வார். கப்பல்களைக் காட்டும் செயலியில் அவர் கப்பல் இருக்கும் இடத்தைப் பார்த்துச் சொல்வேன். துறைமுகத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, அது எந்த ராஜா காலத்தில் கட்டியது என்று நான் ஆரம்பித்ததும், "போதும் அண்ணா" என்று சொல்லி வைத்துவிடுவார்.

அது வீடு முழுக்கப் பரவிவிட்டது. நான் எந்த விசேஷத்தில் எதை விளக்க ஆரம்பித்தாலும் சாரதா முதல் சமையல்காரர் வரை அதையே சொல்கிறார்கள். போன வாரம் அந்த மூன்று வயதுக் குழந்தை, நிலா ஏன் தேய்கிறது என்று கேட்டாள். சூரியனிலிருந்து தொடங்கினேன். அவள் என் வாயைக் கையால் பொத்திச் சொன்னாள்:

"போதும் அண்ணா."