பனியனில் தைத்த புளியங்கொட்டை

21-8-1961
பிழை: புளியங்கொட்டையைப் பனியனின் முதுகுப் பக்கம் தைப்பதற்குப் பதிலாக மார்புப் பக்கம் தைத்துவிட்டேன்.

எழுதியதைப் படித்ததும் சந்திரகலாவுக்குச் சந்தேகம் வந்தது. இதைக் கனகாம்பாள் டீச்சர் பார்த்தால்? மாலைத் தையல் வகுப்பில் நோட்டில் அன்றைய பிழையை மேலேயும் நாளைய வேலையைக் கீழேயும் எழுதிக் காட்ட வேண்டும். புளியங்கொட்டையை அடித்துவிட்டு, 'பொத்தான்' என்று திருத்தினாள்.

கீழ்பென்னாத்தூரில் அவள் பிறந்த வீடு ஒரே அறை. அப்பா அப்பாதுரை விடும் குறட்டையில் கூரை ஓடு அதிரும். கல்யாணத்தோடு அதிலிருந்து விடுதலை என்று நினைத்துத்தான் திருவண்ணாமலைக்கு வந்தாள். வேர்க்கடலை மண்டியில் வேலை பார்க்கும் வேணு தங்கமான மனுஷன். ஆனால் பாயில் தலை சாய்த்த முதல் இரவே குறட்டையால் மரம் அறுக்க ஆரம்பித்துவிட்டான். சொன்னால் மனம் நோகுமே என்று அவள் வாயைத் திறக்கவில்லை.

தூக்கம் வகுப்பில் வந்தது. ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைத்தாள்.

"ஏண்டி, இதைப் போட ரெண்டு இடது கையோட ஒருத்தனை நான் எங்கே போய்த் தேடறது?" என்றாள் கனகாம்பாள். "இன்னொரு தடவை தூங்கினா, பரீட்சைக்கு உன் பேர் போகாது."

பரீட்சை தேறினால் தையல் டீச்சர் வேலை கிடைக்கும். முதுகில் ஏதாவது உறுத்தினால் புருஷன் மல்லாந்து படுக்க மாட்டார், குறட்டையும் வராது என்று யாரோ சொன்னதை நம்பித்தான் சந்திரகலா புளியங்கொட்டையைக் கையில் எடுத்தாள். அது மார்புக்குப் போனதில், வேணு விடிய விடிய மல்லாந்தே கிடந்தான்.

"கலா, பனியன்ல இன்னா இது, கட்டி மாதிரி?"

"முடிச்சுங்க. கொஞ்சம் பெரிசா விழுந்துடுச்சி."

"இருக்கட்டும், நீ தைச்சதாச்சே" என்று அதைத் தடவிக்கொண்டான்.

அவள் பிரித்து முதுகுப் பக்கம் தைத்தாள்.

"முடிச்சு பின்னால போயிடுச்சே?"

"துவைச்சதுல நகர்ந்துடுச்சிங்க."

அதற்கும் தலையாட்டினான். ஆனால் இரண்டாம் நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு வைத்தியர் பலராமனிடம் போனான். மூட்டை தூக்கிய வலி என்று முடிவு கட்டிய வைத்தியர், "தலையணை கூடாது. வெறும் பலகையில மல்லாந்து படு. அசையாதே" என்று சொல்லி அனுப்பினார்.

பலகையும் சேர்ந்து அதிர்ந்தது. அவள் புரண்டு படுத்தால் குறட்டை ஏறியது. இருமினால் இன்னும் ஏறியது. எழுந்திருக்கட்டும் என்று சொம்பைத் தள்ளிவிட்டாள். அன்றைக்கு ஏறிய குறட்டை இறங்கவே இல்லை.

பௌர்ணமி வந்தது. ஒரு ராத்திரியாவது நிம்மதி என்று, "மலையைச் சுத்திட்டு வாங்க, முதுகு வலி பறந்துடும்" என்றாள்.

"உன்னைத் தனியா வுட்டுட்டா? நீயும் கெளம்பு" என்று அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் வகுப்பில் மிஷின் மிதித்தபடியே கண்ணயர்ந்தவள், ரவிக்கையோடு தன் முந்தானையையும் சேர்த்துத் தைத்துக்கொண்டாள். டீச்சர் கூப்பிட்டதும் எழுந்தாள். மிஷினும் கூட வந்தது.

"நாளைக்குத்தான் பேர் அனுப்பறேன். முழிச்ச கண்ணோட வந்தா எழுதுவேன். இல்லே, உன் மாமியார் மெச்ச வீட்டிலேயே தைச்சுக்கோ!"

இனி மறைப்பதற்கில்லை. இன்றைக்கு அவரிடம் சொல்லியே தீர வேண்டும் என்று வீட்டுக்கு வந்தாள். அப்பா ஒரு பை மல்லாட்டையோடு வந்து உட்கார்ந்து கடலைத் தோலை உரித்துக்கொண்டிருந்தார். எதிரே வேணு, சுவரில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். வாய் மூடியிருந்தது. மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை.

சந்திரகலா குனிந்து அவன் முகத்தருகே காதை வைத்துப் பார்த்தாள்.

"எழுப்பாதே கலா" என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி. "கண்ணெல்லாம் செவந்து கெடக்குது, பாவம். நான் சொன்னதை இன்னும் வுடாம செய்யறாரு போல."

"நீ இன்னாப்பா சொன்னே?"

"கொறட்டை சத்தம் கேக்காட்டி எம் பொண்ணு தூங்கமாட்டா, அவ கண்ணு மூடற வரைக்கும் எப்டியாச்சும் வுடுங்கனு கல்யாணத்தன்னிக்கே சொல்லியனுப்பினேன். அவருக்குக் கொறட்டையே வராதாமே!"

சந்திரகலா நோட்டை எடுத்தாள்.

நாளைய வேலை: பனியனிலிருந்து புளியங்கொட்டையைப் பிரிக்க வேண்டும்.