தோளுக்குப் போன மெத்தை

என் தவறுகளை எனக்கு முன்பே கண்டுபிடித்துவிடும் அன்பு அக்காவுக்கு, உன் தையல்காரத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நானும் மகளும் இங்கே நலம். எனக்கு உட்காருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நலக்குறைவு, அதுவும் தேறி வருகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இருமல் நின்றதா? நிற்கவில்லை என்றால் அவர் இன்னும் சிகரெட்டோடு மொட்டைமாடிக்குப் போய்வருகிறார் என்று அர்த்தம். நான் சொன்னதாகச் சொல்லாதே.

போன வாரம் போனில் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "கல்யாணம் முடிஞ்ச கையோட கடையைப் பூட்டிட்டு எங்கூட வந்துடு. தனியா இருக்கற ஆளாடா நீ? சைக்கிளாம் சைக்கிள், தெருமுனையைத் தாண்டமாட்ட" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். நீ எப்போதும் அப்படித்தான். அதனால்தான் பதிலைக் கடிதமாக எழுதுகிறேன், இதைப் பாதியில் வைக்க உனக்கு மனசு வராது. நான் உன்னோடு வரப்போவதில்லை. நீயும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்குக் காவல் இருக்க இங்கே வரவேண்டாம். தெருமுனையைத் தாண்டிவிட்டேன். மலையும் ஏறிவிட்டேன். எப்படி என்று கேள்.

உனக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. கல்யாணத் தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது மாப்பிள்ளை வீடு இல்லை, என் மகள்தான். பையனைப் பிடித்திருக்கிறது, வெளியூரில் அவனோடு போய் இருக்கவும் சம்மதம், ஆனால் தேதி என்றால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள். ஒருநாள் உட்காரவைத்துக் கேட்டேன். "அம்மா போனதுலேருந்து கடை, மாடி, கடை, மாடின்னுதான் இருக்கீங்க. ஞாயித்துக்கிழமைகூட மிஷின் முன்னாடி உக்காந்து சுவத்தப் பாக்கறீங்க. நானும் போயிட்டா யாரோடப்பா பேசுவீங்க?" என்றாள். கஸ்டமரோடு பேசுவேன் என்றேன். "கஸ்டமர்கிட்ட 'கையைத் தூக்குங்க, திரும்புங்க' தவிர வேற என்ன பேசியிருக்கீங்க?" என்று கேட்டாளே பார்க்கலாம்! வருங்கால சம்பந்தி பல் டாக்டர் என்று உனக்குத் தெரியும், ஞாயிறு தவறாமல் சைக்கிளில் கிளம்பிவிடுகிறவர் என்பது தெரியாது. அவர்தான் குறுக்கே வந்தார். "என்கூட அனுப்பும்மா. மலை உச்சி வரைக்கும் வந்துட்டார்னா அவரைப் பத்தி உனக்குக் கவலை விட்டுடும்" என்றார். மகள் அதையே பிடித்துக்கொண்டாள். நான் உச்சியைத் தொட்டால் தேதி, இல்லாவிட்டால் இல்லை. என் ஒருத்தனுக்காக ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்பதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தலைகீழாக நின்றாவது ஏறிக்காட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். என் கால் என்ன சாதாரணக் காலா? முப்பது வருஷம் தையல் மிஷின் மிதித்த கால். மிதித்த மிதிக்கு உலகத்தையே சுற்றியிருக்கலாம், மிஷின்தான் இடத்தைவிட்டு நகரவில்லை.

சைக்கிளை சம்பந்தி கொடுத்தார். உடுப்பை மகள் வாங்கிவந்தாள், அங்கேதான் வினை. ரோட்டுக்கு ஒரு செட், மலைக்கு ஒரு செட். தையல்காரன் வீட்டில் ரெடிமேட்! சரி, ஆசையாக வாங்கிவந்திருக்கிறாள் என்று ரோட்டு உடுப்பைப் போட்டுக்கொண்டு கடையின் நிலைக்கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்றேன். அக்கா, அப்படி ஒரு கட்டிங்கை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. சட்டை முன்பக்கம் தொப்புளோடு நின்றுவிட்டது, பின்பக்கம் மட்டும் வால்போல நீளம். பாக்கெட்டெல்லாம் முதுகில். கால்சட்டைக்குக் குழந்தைக்குப் போடுவதுபோலத் தோளில் மாட்டும் பட்டை, அது என்னைக் குனி குனி என்று கீழே இழுக்கிறது. மூச்சுவிட ஒரு விரல்கூட இடமில்லை. யார் வந்தாலும் இரண்டு விரல் லூஸ் விட்டுத்தான் நான் தைப்பேன், அது உனக்கே தெரியும். இதெல்லாம் போதாதென்று கால்சட்டையின் உள்ளே, உட்காருகிற இடத்தில், கனமாக ஒரு மெத்தை! கோட்டுக்குத் தோளில் வைக்கவேண்டிய பஞ்சை எவனோ அவசரத்தில் பின்புறத்தில் வைத்துத் தைத்துவிட்டான் என்று நினைத்தேன். பாவம், என் மகள் ஏமாந்திருக்கிறாள், அவளுக்குத் தெரியாமலே சரிசெய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பக்கத் தையலைப் பிரித்து ஒட்டுத்துணி கொடுத்து லூஸாக்கினேன். பின்பக்க வாலை வெட்டி முன்பக்கத்தில் சேர்த்து விளிம்பைச் சமமாக்கினேன். மெத்தையைப் பிரித்தெடுத்து, இரண்டாக அறுத்து, தோளுக்கு ஒன்றாக வைத்துத் தைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் தளபதி மாதிரி இருந்தேன்.

மறுநாள் காலையில் சம்பந்தி வந்து நின்றார். அவர் உடுப்பும் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. பாவம், இவரையும் ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் என் தோளையே கொஞ்சநேரம் பார்த்தார். பல் டாக்டர் இல்லையா, உள்ளே என்ன கண்டாலும் முகத்தில் காட்டாமல் பழகியவர். "போலாமா சம்பந்தி?" என்றார், அவ்வளவுதான். போனோம். எதிர்க்காற்று என் இரண்டு விரல் லூஸுக்குள் புகுந்தது பார், சட்டை பலூனாக உப்பிவிட்டது. நான் முன்னால் மிதிக்கிறேன், சட்டை என்னைப் பின்னால் இழுக்கிறது. குனிந்தால் முன்பக்கத்துத் துணியெல்லாம் மடியில் குவிகிறது, முதுகு அரை சாண் வெட்டவெளி. சீட்டைப் பற்றி நான் என்ன சொல்ல? நீ எனக்கு மூத்தவள், மரியாதைக்காக விட்டுவிடுகிறேன். தோள் மட்டும் மெத்து மெத்தென்று சுகமாக இருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து, "வலிக்குதா?" என்றார். "சேச்சே" என்றேன். "வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்றார். அது அவர் நாற்காலியில் படுக்கிறவர்களிடம் காலமெல்லாம் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிய வார்த்தை. எனக்கு வலித்தது. தூக்கினேன். அடுத்த நொடி சைக்கிளோடு சாலையோரப் புதருக்குள் கிடந்தேன். பதறிப்போய் ஓடிவந்தவர் கையைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கவில்லை, "வாயைத் திறங்க" என்றார். திறந்தேன். "நல்லவேளை, பல்லெல்லாம் அப்படியே இருக்கு" என்று பெருமூச்சு விட்டார்.

அங்கேயே ஒரு டீக்கடையில் என்னை நிற்கவைத்து, ஆமாம், நிற்கவைத்துத்தான், மெல்ல ஆரம்பித்தார். "தப்பா நினைக்காதீங்க. அந்தப் பஞ்சு கீழதான் இருக்கணும்." சரி என்றேன். "ரோட்டுக்கு ஒட்டுனாப்ல இருந்தாத்தான் காத்து இழுக்காது." அதுவும் சரி என்றேன். அப்புறம் இன்னும் ஏதோ சொல்ல வந்து, டம்ளரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "இன்னொரு விஷயம். பையன் சொல்லச் சொன்னான். அவன்கிட்ட உங்க பொண்ணு சொல்லச் சொன்னாளாம். உங்ககிட்ட நேரா எப்படிச் சொல்றதுன்னு... அந்தக் கால்சட்டைக்கு உள்ள வேற எதுவும் போடக்கூடாது. தையல் உரசிப் புண்ணாயிடும்." அக்கா, என் உள்ளாடை விவகாரம் மகளிடமிருந்து மாப்பிள்ளைக்கு, மாப்பிள்ளையிடமிருந்து சம்பந்திக்கு என்று இரண்டு வீட்டையும் சுற்றிவிட்டு என்னிடம் வந்திருக்கிறது. மானம் கப்பலேறிவிட்டது. சம்பந்தியம்மாளுக்குத் தெரியுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் விடுவேனா? அடுத்த ஞாயிறு மலைப்பாதை. எனக்குச் சரியென்று பட்டதெல்லாம் தப்பு, ஒட்டினாற்போல இருப்பதுதான் சரி என்று பாடம் படித்துவிட்டேன் அல்லவா, மலை உடுப்பை எடுத்துப் பார்த்தால் அது லூஸாக இருந்தது. மேல் கால்சட்டை முழங்கால் வரை தொளதொளவென்று, அதற்குள்ளே மெத்தை வைத்த குட்டைக் கால்சட்டை தனி. இதிலுமா கட்டிங் கோளாறு என்று தலையிலடித்துக்கொண்டு, மேல் கால்சட்டையை இருபுறமும் பிடித்து உடம்போடு ஒட்டத் தைத்துவிட்டேன். அது இழுத்தால் நீளும் துணி இல்லை, கல்லிலும் முள்ளிலும் உரசினால் தாங்கவேண்டிய முரட்டுத் துணி. அது என் புத்திக்கு எட்டவில்லை. ஏறும்போது முழங்கால் மடங்கவே மாட்டேன் என்றது. பாதி மலையில் ஒரு சரிவு இறங்கவேண்டும். "சீட்டுலேருந்து எழுந்து, பின்னாடி தள்ளிக்கங்க" என்று சம்பந்தி கத்தினார். தள்ளிக்கொண்டேன். டர்ரென்று ஒரு சத்தம். பறவையெல்லாம் பறந்துபோயின, நான் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு விழுந்தேன். அதற்குமேல் எப்படி ஏறுவது? வழியெல்லாம் ஆட்கள். வீடு வரும்வரை சம்பந்தி என்னை ஒட்டிப் பின்னாலேயே நடந்துவந்து இரண்டு குடும்பத்து மானத்தையும் காப்பாற்றினார்.

வீட்டு வாசலில் மகள் நின்றிருந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரித்திருந்தால் பரவாயில்லை. என் முழங்கால் சிராய்ப்பைத் துடைத்துக்கொண்டே, "விட்டுடுங்கப்பா. உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்? கல்யாணத்தை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னாள். அடுத்த வருஷம் என்பாள், அப்புறம் அதற்கடுத்த வருஷம் என்பாள், கடைசியில் எனக்குச் சோறு போட்டே கிழவியாகிவிடுவாள். "அடுத்த வருஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல, அடுத்த ஞாயிறு" என்று கத்திவிட்டுக் கீழே கடைக்கு இறங்கிப்போனேன். சம்பந்தியும் பின்னாலேயே வந்தார். வந்தவர் ஷூவின் கயிற்றைக் கட்டக் குனிந்தார். குனிந்த முதுகைப் பார்த்தேன், எனக்குப் பொறி தட்டியது. நின்றபோது வாலாகத் தொங்கிய சட்டை இப்போது இடுப்போடு கச்சிதமாக நிற்கிறது, முன்பக்கம் ஒரு சுருக்கம் இல்லை. அட மடையா! முப்பது வருஷமாக நான் மனிதர்களை நிற்கவைத்துத்தானே அளந்திருக்கிறேன்? சைக்கிள்காரன் நிற்கிறவன் இல்லையே, குனிந்தவன் ஆயிற்றே! கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்று நான் கண்டுபிடித்த கோளாறு ஒவ்வொன்றும் வேண்டுமென்றே வைத்தது.

சைக்கிளைக் கடைக்குள் தூக்கிவந்து, வெட்டுமேசைக்கும் சுவருக்கும் நடுவில் அசையாமல் நிறுத்தி, அதன்மேல் நான் ஏறிக் குனிந்து உட்கார்ந்தேன். டேப்பை சம்பந்தியிடம் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "முதுகு ஏழுநூத்தி முப்பது மில்லிமீட்டர்" என்றார். "பல்லா கட்டப்போறோம்? இன்ச்சுல சொல்லுங்க சம்பந்தி!" என்றேன். மனுஷன் டேப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார், நானும் சிரித்தேன். ரோட்டுக்கு முதுகு நீளம், முன்பக்கம் குட்டை, தோலோடு தோலாக. மலைக்கு முழங்காலும் பின்புறமும் தாராளம், இடுப்பு மட்டும் இறுக்கம், மெத்தை உள் கால்சட்டையில் தனியாக, எழுந்து உட்கார்ந்தால் சீட்டில் மாட்டாதபடி. பெடலை மிதித்து மிதித்து, ஒவ்வொரு மிதிக்கும் துணி எங்கே இழுக்கிறது என்று பார்த்துப் பார்த்து வெட்டினேன். அவர் நூல் கோத்துக் கொடுத்தார். ஊசியில் நூல் கோப்பதில் அவர் கில்லாடி. என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தோம். மகள் இரண்டுதடவை மாடிப்படியில் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள்.

போன ஞாயிறு உச்சிக்குப் போய்விட்டேன் அக்கா! கடைசி மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன், அதை ஏன் மறைக்கவேண்டும், ஆனாலும் போனேன். துணி எங்கேயும் பிடிக்கவில்லை, கிழியவில்லை, உரசவில்லை. மகளும் மாப்பிள்ளைப் பையனும் காரில் முன்னாலேயே வந்து காத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் மகள் ஓடிவந்து, வியர்வை நாறுகிறது என்று நான் சொல்லச்சொல்லக் கேட்காமல் கட்டிக்கொண்டு, "சரிப்பா, தேதி குறிங்க" என்றாள். கல்யாணம் அடுத்த மாதம், பத்திரிகை தனியாக வரும்.

ஆகவே நான் தனியாக இருக்கத் தகுதியான ஆள் என்று இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். ஞாயிறு சைக்கிள், மற்ற நாள் கடை, எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ கல்யாணத்துக்கு முதல்நாள் வந்து, மறுநாள் அத்தானோடு கிளம்பிவிடலாம். உங்கள் இருவருக்கும் என் நமஸ்காரமும், பிள்ளைகளுக்கு என் ஆசியும், உன் முழங்காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்பும்.

இப்படிக்கு,
யார் துணையும் தேவைப்படாத
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டியபிறகு மறுபடி பிரித்து எழுதுகிறேன். நேற்று மகள் பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தாள். அலமாரியில் அவள் பக்கம் காலி. நான் கடைக்குள் போய், மிஷினில் துணியே வைக்காமல் கொஞ்சநேரம் மிதித்துக்கொண்டிருந்தேன், மேலே அவளுக்கு வேலை நடக்கிற சத்தம் கேட்கட்டும் என்று. அக்கா, மலை ஏறியது நிஜம். தனியாக இருந்துவிடுவேன் என்று எழுதியதெல்லாம் பொய். வா. கல்யாணத்துக்கு முன்னாலேயே வா, முடிந்தபிறகும் கொஞ்சநாள் இரு. நான் கூப்பிட்டேன் என்று தெரிந்தால் அவள் பெட்டியைப் பிரித்துவிடுவாள். அதனால் நீயாகவே வந்த மாதிரி, வாசலிலிருந்தே என்னைத் திட்டிக்கொண்டு வா, அப்போதுதான் அவளுக்குச் சந்தேகம் வராது.