போலந்துச் சம்பந்திக்கு வைத்த ஒப்பாரி

செத்த வீட்டில் எனக்கு அழத் தெரியாது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. கனடாவில், இந்த ஸ்காபரோவில் ஓர் இறுதிச் சடங்கு என்றால் முதல் கார் என்னை ஏற்றத்தான் வரும். ஊரில் நடப்பதைக்கூட டோர்செட் பார்க் வீட்டுச் சோபாவில் இருந்து நேரலையில் பார்த்து, அழுது முடித்த பிறகுதான் தேத்தண்ணீர் குடிப்பேன். (நேரில் போனவர்களே அவ்வளவு அழுவதில்லை.)

அந்தத் திறமைதான் என் மகள் ஜெனிற்றாவின் கலியாணத்தைக் குழப்பப் பார்த்தது.

அவள் விரும்பிய பொடியன் மாரெக் போலந்துக்காரன். கத்தோலிக்கன் என்றதால் நான் மனம் ஆறியிருந்தேன். அவன் வீட்டாரை முதன்முதலாகச் சந்திக்க, பார்க்டேல் பக்கம் ஒரு தேவாலய மண்டபத்துக்கு என்னைக் கூட்டிப் போனாள்.

“மாரெக்கின்ர அப்பான்ர பழைய வீடியோ போடுகினம் அம்மா. அது முடியக் கலியாணக் கதை கதைப்பம். பிளீஸ், ஏதும் செய்து போடாதேங்கோ.”

“எனக்குச் சபைப் பழக்கம் தெரியாதோடி?”

என்னை வாசலில் இறக்கிவிட்டுக் காரை நிறுத்தப் போனாள். உள்ளே ஒரு தாள் தந்தார்கள். கறுப்புக் கரை, நடுவில் ஓர் இளைஞனின் படம், கீழே இங்கிலிஷ். தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். என்றாலும் நாலு பேர் பார்க்கிறார்களே என்று கண்ணாடியைப் போட்டு, முழுவதும் வாசித்ததுபோல் தலையாட்டினேன். எங்கள் கண்ணீர் அஞ்சலித் தாளும் இப்படித்தானே! மாரெக்கின் தாய் டனூட்டா வேறு கறுப்பு உடுப்போடு வந்து என் கையைப் பிடித்தார். பாவம், இளம் வயதிலேயே புருஷனை இழந்து தனியாகப் பிள்ளை வளர்த்திருக்கிறார். (ஜெனிற்றா எனக்கு ஒரு சொல் சொல்லவில்லையே!)

விளக்கு அணைந்தது. திரையில் அதே இளைஞன் பலகையில் கிடந்தான். ஒருவன் தலைகீழாக நின்று மணி அடித்தான். (ஒவ்வொரு பங்குக் கோயிலுக்கும் ஒவ்வொரு வழக்கம்.) சாக்கு உடுத்த பெண்கள் மார்பில் அடித்து அலறினார்கள். அலறினார்களே தவிர, ஒருத்தியாவது அவன் குணத்தைச் சொல்லி அழவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. டனூட்டாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொடங்கினேன்.

“என்ர ஐயா! பெத்த பிள்ளையின்ர கலியாணம் பாராமல் போட்டியளே! நான் ஆரோட சம்பந்தம் பேச!”

டனூட்டா முதலில் விறைத்தார். பிறகு, ஏனோ, அவரும் அழத் தொடங்கினார். இருட்டுக்குள் ஜெனிற்றா ஓடி வந்தாள்.

“அம்மா! உது நாடகம்! அந்த நாளில செய்த புதுமாதிரி நாடகம். அதைப் படம் பிடிச்சு வைச்சிருக்கினம்!”

“அப்ப செத்தது?”

“நடிப்பு! அவர் பின்னுக்கு நிண்டு படம் ஓட்டுறார்!”

திரும்பினேன். வெள்ளைத் தாடியோடு செத்தவர் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். கலியாணம் போச்சுது என்று நினைத்தேன். அவரோ குனிந்து என் கையை முத்தமிட்டு இங்கிலிஷில் ஏதோ சொன்னார். கண் கலங்கியிருந்தது.

“என்னவாம்?”

“இந்த நாடகத்துக்குப் போலந்திலயே ஒருத்தரும் அழேல்லையாம். பாதிப்பேர் எழும்பிப் போட்டினமாம். விளங்கின ஒரே ஆள் நீங்கள்தானாம்.”

“ஓம், எனக்கு முதலே விளங்கினது எண்டு சொல்லு.”

கலியாணம் நடந்தது. இப்போது ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் சாப்பாடு முடிந்ததும் அந்த மனிதர் யானுஷ் சோபாவில் நீட்டி நிமிர்ந்து படுத்துக் கண்ணை மூடி, தனக்குத் தெரிந்த ஒரே தமிழைச் சொல்வார்.

“அழுங்கோ சம்பந்தி.”

நானும் குறை வைப்பதில்லை. போன நத்தாருக்கு டனூட்டாவும் பக்கத்தில் படுத்துவிட்டார். தனக்கும் ஒன்று வேண்டுமாம்.