டிலீட்டு முகம் காட்டிய நாள்

கைப்பேசிக்கு முன்னால் மூச்சைக்கூட மெதுவாக விடும் ஆள் மலேசியாவிலேயே ஒருத்தன்தான். எங்கள் டிலீட்டு. பெற்றவர்கள் வைத்த பேர் வேறு; பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் நாலு மாணவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

எதைப் பதிவேற்றினாலும் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பான். வாழையிலைச் சாப்பாட்டைப் படமெடுத்துப் போட்டால், "பின்னால மெல்லுறாரே, அந்த அங்கிள் வேலைக்கு மட்டம் போட்டுட்டு வந்திருந்தா? டிலீட் பண்ணு லா" என்பான். குரூப் போட்டோவில் திரும்பி நின்றுகொள்வான். எங்கள் ஆல்பம் முழுக்க அவன் பிடரிதான். அவனுடைய முகப்புப் படம் வெறும் கறுப்பு. அதைப் பார்த்துத் தன் போன் கெட்டுவிட்டதென்று அவன் அம்மா கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

அந்த வருஷம் பல்கலைக்கழகத் தீபாவளி கலை இரவில் எங்கள் அறைத்தோழன் குமரன் ஆட இருந்தான். கேரி தீவு எஸ்டேட் பையன், உபகாரச் சம்பளத்தில் படித்தவன். "நாளைக்கு மண்டபத்தையே கொளுத்துறோம்" என்று ஒரு வரி போட்டான். ஆட்டம் பிரமாதமாக இருக்கும் என்று அர்த்தம். நமக்குத் தெரியும், மொழிபெயர்ப்புப் பொத்தானுக்குத் தெரியுமா? மண்டபத்துக்குத் தீ வைக்கப் போவதாக மலாயில் மாற்றிக் கொடுத்துவிட்டது. யாரோ அதைப் படம்பிடித்துப் பரப்பினார்கள்.

"உடனே டிலீட் பண்ணு" என்றான் டிலீட்டு. குமரன் பண்ணினான். அதுதான் வினையாகிப் போனது. தப்பில்லை என்றால் ஏன் அழித்தான் என்று பல்கலைக்கழகத்தில் விசாரணை வைத்தார்கள். படிப்பே போய்விடும் என்றார்கள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த குமரன் சோற்றைத் தொடவில்லை. "அம்மாகிட்ட என்னடா சொல்வேன்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அவனைத் தனியாக விட்டுக் குளிக்கப் போகவே எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் டிலீட்டு தலை வாரி, சட்டை மாற்றி, தன் போனை என்னிடம் நீட்டினான். "முகம் தெரியுற மாதிரி எடு." சொந்தப் பேரைச் சொன்னான். தமிழில் அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று மலாயில் பொறுமையாக விளக்கினான். அழிக்கச் சொன்னது தான்தான் என்றும் சொன்னான்.

"யோசிச்சுப் போடு லா" என்றேன்.

"யோசிச்சா அவன் செத்துருவான்டா."

அதைப் பார்த்த விசாரணைக்குழு குமரனை எச்சரித்து விட்டுவிட்டது. அழிக்கச் சொன்னவன் இவன்தானே என்று ஊர்க் கோபம் டிலீட்டு மேல் திரும்பியது. அவன் முகத்தை வைத்துக் கேலி, வசவு. அவன் அம்மாவைக்கூட விடவில்லை. வேலை தருவதாகச் சொல்லியிருந்த கம்பெனி கைவிரித்தது. வீடியோவை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினோம். "எடுத்தா மறுபடி அவன் தலையிலதான் விடியும்" என்று மறுத்துவிட்டான். திட்டிய பாவிகள் அடுத்த வாரமே வேறு ஆளைத் திட்டப் போய்விட்டார்கள். இவன் படித்த படிப்புக்குச் சம்பந்தமே இல்லாமல் கிள்ளானில் ஒரு லோரிக் கம்பெனியில் இருக்கிறான்.

குமரனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். முதல் பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு டிலீட்டுக்குத்தான் வைத்தான். தாய்மாமனுக்கே அதற்கு அப்புறம்தான்.