வைரக்கண்ணுவுக்கு ஒரு குறையும் இல்லை

ஒரு காட்டில், காடு என்று இருந்தால் ஒரு கூடைப்பந்து அணியும் இருந்தாக வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். யார் போட்டது, எதற்குப் போட்டது என்று கேட்பதற்குத் தனியாக மனு எழுத வேண்டும் என்பதால் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் காட்டுக்கு மேல்காடு என்று பெயர். மைதானத்தின் இரு முனையிலும் தேக்குக் கம்பம் நட்டு, அதன் உச்சியில் தூக்கணாங்குருவிகளை விட்டு அடி திறந்த கூடு ஒன்றைப் பின்னச் செய்து, அதைக் கூடை என்றார்கள். குருவிகள் முதலில் உள்ளே முட்டை வைத்துப் பார்த்து, பிறகு விஷயத்தைப் புரிந்துகொண்டன.

மேல்காட்டு அணி என்றால் தாண்டவராயன்தான். தாண்டவராயன் ஒரு வரையாடு. பந்தை இரண்டு கொம்புகளுக்கும் நடுவே செருகிக்கொண்டு ஒரே எம்பில் கூடைக்குள் இறக்கிவிடும். அணி நாற்பது புள்ளி எடுத்தால் முப்பத்தாறு அதனுடையது. மீதி நான்கும் பந்து தானாகப் போய் விழுந்ததாக இருக்கும்.

அதே அணியில் வைரக்கண்ணு என்ற உடும்பும் இருந்தது. எதிரணியில் நன்றாக ஆடுகிறவர் யாரோ அவர் முன்னால் போய் நிற்பது அதன் வேலை. நகங்களைத் தரையில் ஊன்றி நின்றுவிட்டால் காட்டெருமை இடித்தாலும் நகராது. ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் அதை இறக்குவார்கள், மீதி நேரமெல்லாம் பெஞ்சுதான். ஒன்பது வருடமாக இதுதான் நடந்தது. வைரக்கண்ணு அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பெஞ்சுக்கு நேர் எதிரே ஒரு கறையான் புற்று இருந்தது. அந்தப் புற்றுக்குள் அதன் மனைவி செங்கமலம் பதினேழு முட்டை இட்டிருந்தாள். மழை பிடித்ததும் குஞ்சுகள் வெளியே வரும். பெஞ்சில் உட்கார்ந்தபடியே புற்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதால் வைரக்கண்ணுவுக்குப் பெஞ்சு பிடித்தே இருந்தது. இதைவிட நல்ல உத்தியோகம் எந்தக் காட்டிலும் கிடையாது என்று அது மனதார நம்பியது.

இப்படி இருக்கையில் வைகாசி மாதத்தில் ஒரு நாள் தாண்டவராயனுக்கு மனசு சரியில்லாமல் போனது. மைதான வாசலில் வைத்திருந்த அதன் படத்தில் இடது கொம்பைச் சின்னதாக வரைந்துவிட்டார்கள் என்று முதலில் சொன்னது. பிறகு, பந்து தன்னிடம் வருவதே இல்லை என்றது. அன்றைய ஆட்டத்தில் பந்து வேறு யாரிடமும் போயிருக்கவில்லை. அடுத்த மூன்று ஆட்டங்களில் மைதானத்தின் நடுவில் ஒரு பாறைமேல் ஏறி, கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அணி மூன்றிலும் தோற்றது. கீழ்க்காட்டில் நல்ல செங்குத்துப் பாறை இருக்கிறதாம், தன்னை அங்கே அனுப்பிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று கடைசியில் வாய்விட்டே சொல்லிவிட்டது.

அணியின் மேலாளர் நல்லதம்பி ஓர் எறும்புத்தின்னி. யாராவது முடிவு கேட்டால் சுருண்டு உருண்டையாகிவிடுவது அதன் நிர்வாக முறை. இந்த முறை இரண்டு நாள் உருண்டையாகவே கிடந்தது. இரண்டாம் நாள் பயிற்சியில் முயல்கள் அதை எடுத்து நான்கு தடவை கூடைக்குள் போட்டன. அதில் மூன்று விழுந்தது. அந்த வாரத்தில் அணி ஆடிய நல்ல ஆட்டம் அதுதான்.

மூன்றாம் நாள் நல்லதம்பி சுருள் பிரிந்து எழுந்து, கீழ்க்காட்டோடு பேசி முடித்துவிட்டது. அவர்கள் தாண்டவராயனை எடுத்துக்கொள்வார்கள். பதிலுக்கு ஒரு கரடியும், அடுத்த வருடம் கீழ்க்காட்டில் பிறக்கப்போகிற குட்டிகளில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் மேல்காட்டுக்கு. குட்டிகளின் தாய் தகப்பன்கள் இன்னும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை, ஆனாலும் உரிமை உரிமைதான். கரடியைத் தூக்கத்திலேயே தூக்கிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டார்கள். அது விழித்தபோது இது எந்தக் காடு என்றுகூடக் கேட்கவில்லை. தேன் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டது.

தாண்டவராயனுக்கு அப்போதும் சந்தேகம் தீரவில்லை. வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை, எழுத்தில் கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்று யாரோ அதன் காதில் போட்டிருந்தார்கள். கூடைப்பந்துக் கழக அலுவலகத்தில் அதற்கென்று குறை தெரிவிக்கும் படிவம் இருந்தது. ஆனால் வரிசையில் நிற்க வேண்டும். நட்சத்திர வீரர் வரிசையில் நின்றால் நன்றாகவா இருக்கும்? அது தேடிக்கொண்டு வந்தது வைரக்கண்ணுவிடம்.

"அண்ணே, நீங்க சும்மாதான இருக்கீங்க. எனக்காக ஒரு படிவம் வாங்கிட்டு வந்துடுங்களேன்."

வைரக்கண்ணு உடனே கிளம்பியது. வரிசையில் அதற்கு முன்னால் ஒரு முள்ளம்பன்றி நின்றது. பாதுகாப்புக்காக ஒரு முழம் இடம் விட்டு நின்றதில், அந்த இடத்தில் மூன்று அணில்கள் நுழைந்துவிட்டன. வைரக்கண்ணு ஒன்றும் சொல்லவில்லை. வெயில் சாயும் நேரத்துக்குக் கவுன்டருக்கு வந்து சேர்ந்தது. உள்ளே இருந்த எழுத்தர் ஒரு தேவாங்கு. வேலை செய்கிறதா, திகைத்துப்போய் இருக்கிறதா என்று அதன் கண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அது ஒரு படிவத்தை எடுத்து நீட்டிவிட்டு, உங்களுக்கும் ஒன்று தரட்டுமா என்று கேட்டது.

"எனக்கெதுக்கு சார்?" என்றது வைரக்கண்ணு. "எனக்கு ஒரு குறையும் இல்லையே."

எழுத்தர் அதை வெகுநேரம் பார்த்தது. பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துத் தூசி தட்டியது. குறையற்றோர் பதிவேடு என்று மேலே எழுதியிருந்தது. உள்ளே ஒரு பெயரும் இல்லை. அதில் ஒரு நகப்பதிவு வைக்கச் சொன்னது. முதல் பக்கத்தில் முதல் ஆளாகத் தன் பெயர் வருவதைப் பார்த்து வைரக்கண்ணுவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்து நகமும் பதிய அழுத்தி வைத்தது. வீட்டுக்குப் போய்ச் செங்கமலத்திடம் சொன்னபோது, அவள் புற்றுவாயில் மண்ணை ஒதுக்கிக்கொண்டே, அந்த ஏட்டில் வேறு யாருமே ஏன் இல்லை என்று மட்டும் கேட்டாள். வைரக்கண்ணுவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை.

தாண்டவராயன் படிவத்தைப் பதினான்கு பக்கத்துக்கு நிரப்பிக் கொடுத்தது. படத்தில் இருந்த கொம்புக்கே மூன்று பக்கம் போனது.

அனுப்பும் நாள் வந்தது. மாலையும் தயாராகிவிட்டது. நல்லதம்பி கையெழுத்துக்காகக் கழக அலுவலகத்துக்குப் போனபோது, தேவாங்கு விதிப்புத்தகத்தைத் திறந்து பதினோராம் விதியைக் காட்டியது. குறை தெரிவித்த ஒருவரை, அந்தக் குறை விசாரித்து முடியும்வரை வேறு காட்டுக்கு மாற்றக் கூடாது. மாற்றினால், குறை சொன்னதற்காகப் பழிவாங்கியதாகிவிடும். வேறு காட்டுக்குப் போக வேண்டும் என்பதுதானே அவன் குறையே என்று நல்லதம்பி கேட்டது. அது விசாரணையில் தெரியவரும் என்றது எழுத்தர்.

விசாரணைக் குழுவில் இரண்டு உறுப்பினர்கள். ஒன்று வலசை வாத்து, மார்கழியில் வந்து மாசியில் போய்விடும். இன்னொன்று ஈசல். ஐப்பசி மழையில் புறப்படும், அன்றைக்கே ஆயுள் முடிந்துவிடும். இரண்டும் ஒருநாளும் சந்தித்ததாக வரலாறு இல்லை.

நல்லதம்பிக்கு வியர்த்தது. கரடி வந்தாகிவிட்டது, பாதித் தேனையும் தின்றாகிவிட்டது. பதிலுக்கு யாராவது போய்த்தான் ஆக வேண்டும். இந்தச் செய்தி அது அலுவலகத்திலிருந்து திரும்பி வருவதற்குள் மைதானத்துக்கு வந்துவிட்டது. முயல்கள் கவுன்டருக்கு ஓடின. முள்ளம்பன்றி ஓடியது. அணிக்குத் தண்ணீர் சுமக்கும் கடமான்கூட, தண்ணீர் ஈரமாக இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டது. சாயந்திரத்துக்குள் மேல்காட்டு அணியில் எல்லாருக்கும் ஒரு விசாரணை நிலுவையில் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து புற்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் பாக்கி.

கீழ்க்காட்டுக்கு அனுப்பும் ஆணையில் தன் பெயர் இருப்பதைக் கேள்விப்பட்டு வைரக்கண்ணு கவுன்டருக்கு ஓடியது. அன்று வரிசையே இல்லை, எல்லாரும் கொடுத்து முடித்திருந்தார்கள். தனக்கும் ஒரு குறை இருப்பதாகவும், படிவம் வேண்டும் என்றும் மூச்சு வாங்கச் சொன்னது. எழுத்தர் அந்த நோட்டை எடுத்து, ஐந்து நகமும் பதிந்திருந்த முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டியது.

"நீங்கதான் எழுதிக் கொடுத்திருக்கீங்க சார். இந்த வருஷம் முடியற வரைக்கும் உங்களுக்குக் குறை வர முடியாது."

வைரக்கண்ணு நல்லதம்பியிடம் போனது. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக வாய் திறந்து ஒன்று கேட்டது. முட்டை பொரியும் வரைக்குமாவது விட்டுவையுங்கள் ஐயா, அதற்கப்புறம் எங்கே வேண்டுமானாலும் போகிறேன் என்று கெஞ்சியது. நல்லதம்பி காது கொடுத்துக் கேட்டது, பரிதாபமாகத் தலையை ஆட்டியது, பிறகு உருண்டையாகிவிட்டது.

செங்கமலம் அழவில்லை, கோபப்பட்டாள்.

"ஒம்பது வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், வெயில் அடிக்குதுன்னாவது சொல்லியிருக்கக் கூடாதாங்க?"

 வைரக்கண்ணு நேராக மைதானத்துக்குப் போய், புற்றுக்குப் பக்கத்தில் இருந்த கூடைக் கம்பத்தை நாலு காலாலும் கட்டிப் பிடித்துக்கொண்டது. உடும்புப்பிடி என்று ஊரெல்லாம் சொல்வது என்னவென்று மேல்காட்டுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. முயல்கள் இழுத்தன. கடமான் இழுத்தது. கரடிகூட, தேன் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு கை கொடுத்தது. உடும்பு அசையவில்லை. இதற்கு விதியில் வழி இருக்கிறதா என்று ஆள் அனுப்பிக் கேட்டார்கள். வீரர் தன் உடைமைகளோடு போகலாம் என்று இருப்பதாகப் பதில் வந்தது. அதன்பேரில் கம்பத்தையே பெயர்த்தெடுத்து, கம்பத்தோடு சேர்த்து வைரக்கண்ணுவைக் கீழ்க்காட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். தாண்டவராயன், மைதானத்தில் ஒரு கூடை குறைகிறது என்று பதினைந்தாம் பக்கம் எழுதியது.

கீழ்க்காட்டில் மேளதாளத்தோடு காத்திருந்தார்கள். வரையாட்டை எதிர்பார்த்த இடத்தில் ஒரு கம்பமும் அதில் ஒட்டிக்கொண்டிருந்த உடும்பும் வந்து இறங்கின. அந்த அணியின் மேலாளரான கொக்கு ஒற்றைக் காலில் நின்று இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தது. மேளத்தை நிறுத்தச் சொன்னது. பிறகு வைரக்கண்ணுவிடம் மரியாதையாகத்தான் பேசியது. முதலில் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக ஒரு பதிவு போட்டுவிட்டு வாருங்கள், மற்றதை வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்றது.

கீழ்க்காட்டுக் கவுன்டரிலும் ஒரு தேவாங்குதான் இருந்தது. அதே கண், அதே மேசை. சேர்ந்த பதிவை முடித்துக்கொண்டு, மேல்காட்டில் போலவே குறையற்றோர் பதிவேட்டை எடுத்து வைத்தது. வைரக்கண்ணு அதைக் கண்ணால்கூடத் தொடவில்லை. அந்த இன்னொரு படிவம் வேண்டும் என்றது. உங்களுக்கு என்ன குறை என்று எழுத்தர் கேட்டது.

"இப்போதைக்குத் தெரியல சார். எழுத எழுத வரும்."

வந்தது. ஒன்பது வருடமாக உள்ளே போட்டு வைத்திருந்ததெல்லாம் வந்தது. வரிசையில் நுழைந்த மூன்று அணில்களும் வந்தன, கேட்காமலே வெயிலும் வந்தது. இருபத்திரண்டு பக்கம் எழுதி, ரசீதும் வாங்கிக்கொண்டது. இனி இந்தக் காட்டிலிருந்தும் தன்னை எவனும் தூக்கி எறிய முடியாது என்று நினைத்தபோது, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தான் புத்திசாலியாக நடந்துகொண்டதாக அதற்குத் தோன்றியது. வாலை நிமிர்த்திக்கொண்டு கொக்கிடம் திரும்பி வந்தது.

கொக்கின் அலகில் ஒரு தாள் இருந்தது. நாங்கள் கேட்டது வரையாடு, வந்தது அது இல்லை, ஆகவே வைரக்கண்ணு என்னும் உடும்பை இன்றே மேல்காட்டுக்குத் திருப்பி அனுப்புகிறோம் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்தும் ஆகியிருந்தது. சேர்ந்த பதிவு இருந்தால்தான் திருப்பி அனுப்ப முடியும் என்பதற்காகவே அலுவலகத்துக்குப் போகச் சொன்னதாம். கொக்கு உடும்பின் கையில் இருந்த ரசீதைப் பார்த்தது. தாளை மெதுவாக நாலாக மடித்துச் சிறகுக்குள் வைத்துக்கொண்டது.

குறையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று வைரக்கண்ணு அன்றே எழுதிக் கொடுத்தது. திரும்பப் பெறுவதை விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டால் போதும். கீழ்க்காட்டுக் குழுவில் இருந்ததும் ஒரு வாத்தும் ஓர் ஈசலும்தான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. புற்று நனைந்து பதினேழு குஞ்சுகளும் வெளியே வந்துவிட்டதாகவும், எல்லாம் சுகம் என்றும் செங்கமலம் தூக்கணாங்குருவியிடம் சொல்லியனுப்பினாள். தாண்டவராயன் இன்னும் மேல்காட்டில்தான் இருக்கிறதாம், பாறையில் நின்றபடி நாற்பதாம் பக்கம் எழுதுகிறதாம். பெஞ்சில் இப்போது கரடி உட்காருகிறதாம். எதிரே இருக்கிற புற்றை அது ஏறெடுத்தும் பார்ப்பதில்லையாம். வைரக்கண்ணு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. கொண்டுவந்த கம்பத்தை நாலு காலாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் அழுதது.

நீதி: குறை சொல்லாதவன் ஊரைவிட்டுப் போவான், குறை சொன்னவன் ஊர் திரும்பமாட்டான். ஆகவே எந்தத் தாளிலும் நகம் பதிக்கும் முன், எந்தக் காடு என்றுகூடக் கேட்காத கரடிதானா நீ என்று ஒரு தடவை பார்த்துக்கொள்.