கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு வம்ச மரம்

சொந்தக் கல்யாணத்தை நிறுத்திக்கொள்ளப் பல வழிகள் உண்டு. ஜாதகத்தில் குறை கண்டுபிடிக்கலாம். ஊரை விட்டு ஓடலாம். நான் ஆராய்ச்சி செய்தேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சேந்தமங்கலத்தில் வாத்தியார் வேலை. (வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாலும் நடையில் கவர்னர் மிடுக்கு இருக்கும்.) காளப்பநாயக்கன்பட்டி செங்கோடனாரின் மகள் செல்லாயியை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். பெண் பார்க்கப் போன அன்று அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் பார்த்தது ஒரு கையும் பாதி முகமும்தான். அந்தப் பாதிக்கே எனக்கு ஒரு மாதம் சோறு இறங்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் தலைமையாசிரியரின் பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்று என் கையில் சிக்கியது. அமெரிக்காவில் முதன்முதலாகக் காடு வெட்டி வெள்ளாமை செய்த யாரோ ஒரு குடியானவரின் வம்ச வரலாறு அதில் வந்திருந்தது. பிள்ளை, பேரன், பேத்தி எல்லோரையும் கிளையும் இலையுமாக வரைந்திருந்தார்கள். அடிமரத்தில் அவர் கோடாலியோடு நின்றார். பார்த்ததும் எனக்கு ரோஷம் வந்தது. எங்கள் வீட்டிலும் கோடாலிக்காரர் உண்டு. என் பூட்டனார், அதாவது தாத்தாவின் அப்பா, தன்னந்தனியாகக் கொல்லிமலை ஏறி, மேலே குண்டனி நாடு என்ற பகுதியில் காடு வெட்டி, சாமை விதைத்து, இடையிடையே புலியும் அடித்தவர் என்று அப்பா சொல்வார். (புலிகளின் எண்ணிக்கை வந்திருக்கும் விருந்தாளியைப் பொறுத்தது.) அவரை அடிமரமாக வரைந்து, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் அச்சடிப்பது என்று தீர்மானித்தேன்.

அப்பா சொன்னதை வைத்தே வரைந்திருக்கலாம். ஆனால் நேரில் போய் விசாரிக்க வேண்டும் என்று அந்த ஆங்கிலப் பத்திரிகையில் போட்டிருந்தது. என் வம்சப் பெருமையை வருங்கால மாமனாரும் தன் காதால் கேட்கட்டும் என்று செங்கோடனாரையும் கூப்பிட்டுக்கொண்டேன். அவருக்கு முழங்கால் வலி. மலைக்கு அப்போது ரோடு கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். பாதி வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்பிள்ளை, புலி அடிச்சத நான் கீழ இருந்தே நம்பியிருப்பனுங்க" என்றார்.

நான் விடவில்லை.

குண்டனி நாட்டில் எல்லோரும் கருப்பாயி என்ற அம்மாளைக் கேட்கச் சொன்னார்கள். ஐம்பது வயதிருக்கும். வருஷா வருஷம் முன்னோர்களைக் கும்பிடும்போது பெயர்களை வரிசையாகச் சொல்வது அவர்தானாம். நாங்கள் போனபோது சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நான் பெரிய தாளை விரித்து, பென்சிலைக் கூராக்கி, பூட்டனார் வேலப்பன் பெயரைக் கம்பீரமாகச் சொன்னேன். அவர் முறத்தை நிறுத்தவே இல்லை.

"வேலப்பன் எங்க காடு வெட்டுனான்? வெட்டுனது அவங்கப்பனுங்க. இவன் ஒரு பலா மரத்துக்காக அண்ணங்கூடச் சண்டை போட்டுக் கீழ எறங்கிப் போனவன்."

செங்கோடனார் தொண்டையைச் செருமினார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. புலியைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். புலி எதுவும் தனக்குத் தெரியாது என்றும், ஒருமுறை கரடியைக் கண்டு மரம் ஏறியவர் இறங்க மாட்டேன் என்று மறுநாள் வரை அங்கேயே இருந்ததாகக் கேள்வி என்றும் கருப்பாயி சொன்னார்.

அடிமரத்திலிருந்த பூட்டனாரை அழித்துக் கிளைக்கு மாற்றினேன். சரி, அந்த அண்ணன் என்ன ஆனார் என்று கேட்டேன். (கேட்கச் சொல்லி யாரும் என்னை வற்புறுத்தவில்லை. தாளின் வலது பக்கம் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.) கருப்பாயி சொல்லச் சொல்ல எழுதினேன். அண்ணன் மாரப்பன். அவர் மகன் ஆண்டி. ஆண்டியின் மகன் குப்பணன், மலையிலிருந்து இறங்கிக் காளப்பநாயக்கன்பட்டியில் குடியேறியவர்.

செருமல் நின்றது. "குப்பணன் எங்க அப்பாருங்க" என்றார் செங்கோடனார். தன் அப்பாவின் அப்பாவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

அப்படியிருக்க முடியாது, இரண்டு வீட்டுக்கும் குலசாமி வேறு என்று நான் வாதாடினேன். சண்டை போட்ட கோபத்தில் வேலப்பன் பெண்டாட்டி வீட்டுச் சாமியையே தன் சாமியாக்கிக்கொண்டார் என்று பதில் வந்தது. சந்தேகமிருந்தால் காலைப் பார்க்கச் சொன்னார் கருப்பாயி. அந்த வம்சத்துக்கே சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருக்குமாம். இருவரும் குனிந்து பார்த்தோம். நான்கு சுண்டுவிரல்களும் சவாரி செய்துகொண்டிருந்தன.

பங்காளி வீட்டில் யாராவது பெண் எடுப்பார்களா? செல்லாயிக்கு அண்ணன் ஆகிவிட்டேனே என்று இடிந்து நின்றேன். அதுவும் இல்லை. கருப்பாயி விரல்விட்டுத் தலைமுறைகளை எண்ணினார். எங்கள் பக்கம் நாற்பது வயதுக்கு மேல் பிள்ளை பெறுகிறவர்கள், அவர்கள் பக்கம் மீசை முளைத்ததும் தாலி கட்டுகிறவர்கள். அதனால் இரண்டு தலைமுறை இடித்தது.

"நீ இவருக்குச் சித்தப்பன் மொறை ஆகோணும் கண்ணு" என்றார் என்னிடம். "இவரு புள்ளைக்கு நீ அப்பாரு."

தாளைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன், யாருக்கும் தெரியாது என்று செங்கோடனாரிடம் கெஞ்சினேன். என்மேல் அவருக்குப் பிரியம்தான்.

"தெரியாம இருந்திருந்தாக் கட்டிக் குடுத்திருப்பனுங்க. தெரிஞ்சு போச்சே" என்றவர் எழுந்தார். "வாங்க சித்தப்பா, எறங்கலாம்."

வழுக்கும் இடத்திலெல்லாம், முறையில் பெரியவன் என்று, அந்த முழங்கால் வலிக்காரர் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

அவர் வீட்டுக்கு வந்ததும் உள்ளே போய் விஷயத்தைச் சொன்னார். பிறகு செல்லாயி நேராக வெளியே வந்து என் முன்னால் நின்றாள். தாத்தாவிடம் என்ன வெட்கம்? முழு முகத்தை அன்றுதான் பார்த்தேன். (பார்க்காமலே இருந்திருக்கலாம்.) கண் சிவந்திருந்தது. மோர்ச் செம்பை வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"இந்த ஆராய்ச்சியக் கல்யாணம் முடிஞ்சு பண்ணியிருக்கக் கூடாதுங்களா, அப்பாரு?"

அடுத்த தையில் அவளுக்கு ராசிபுரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை என்னைவிட நான்கு வயது மூத்தவர். வீட்டுப் பெரியவர் என்று என்னை இழுத்துப் போய் நிறுத்தி, இருவரையும் என் காலில் விழவைத்தார்கள். அரிசி தூவி, நூறு வயது இருங்கள் என்றேன். அவளுக்கு மகன் பிறந்தபோது நான் இன்னும் பிரம்மச்சாரி, ஆனால் கொள்ளுத் தாத்தா.

பிறகு எனக்கும் கல்யாணம் ஆயிற்று. மனைவி வீட்டாரிடம் அவர்கள் அப்பா பெயருக்கு மேல் எதுவும் நான் விசாரிக்கவில்லை. இந்தக் கதையை என் பிள்ளைகளுக்குச் சொன்னவளும் என் மனைவிதான். இன்றைக்கும் சொந்தத்தில் எங்கே சம்பந்தம் பேசினாலும், அன்றைக்கு எனக்கு மட்டும் நாமக்கல்லில் ஏதாவது அவசர வேலை முளைத்துவிடுகிறது. போன மாதம் ஒரு சுத்தியல் வாங்கிவர அனுப்பினார்கள். செல்லாயியின் பேத்திக்கு அன்று நிச்சயம். எள்ளுத் தாத்தா இல்லாததால் நல்லபடியாக முடிந்ததாம்.