கும்மிருட்டு அண்ணையின் யன்னல்

வெள்ளவத்தையில் சூரியனுக்கு இருந்த ஒரே எதிரி எங்கள் கட்டடத்துக் கும்மிருட்டு அண்ணைதான். கடல் தெரிகிற யன்னல் வேண்டும் என்று சனம் வீடு தேடி அலைகிற ஊரில், கடல் தெரிகிற யன்னலை எப்படி மூடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டவர் அவர். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றவர், நான்காம் மாடியில் மனைவியோடு இருக்கிறார் என்பது மட்டும்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த மனைவிதான். நாங்கள் அக்கா என்போம். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி. அநேகமாக இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் எதிர்க்கட்டடத்துக் கண்ணாடியில் பட்ட வெயில் முகத்தில் அடிக்கும். மத்தியானம் திரும்பினால் கடற்பக்கத்து வெயில் நேரே கட்டிலுக்கு வந்துவிடும். பஸ்சில் தூங்கிப்போய், வெள்ளவத்தையில் இறங்க வேண்டியவர் மொறட்டுவையில் கண்விழித்த கதையை அவரே சொல்லிச் சிரிப்பார். ஒரு நாள் வேலையால் வந்தவர் சிரிக்கவில்லை.

“நித்திரை மயக்கத்தில பக்கத்துக் கட்டில் ஆளின்ர மருந்தைக் கையில எடுத்திட்டன். பேரை வாசிச்சபடியால தப்பினது. இன்னொருக்கா இப்பிடி நடந்தா வேலையை விட்டிடுவன்” என்று அண்ணையிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த வேலை அக்காவுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அண்ணைக்குத் தெரியும். அன்று பின்னேரமே காலி வீதியில் யன்னல் திரை விற்கிற கடை ஒன்றில் ஏறிவிட்டார்.

வெளிச்சம் புகாத துணி என்று ஒன்றைக் காட்டினார்கள். மற்றவர்கள் என்றால் தடவிப் பார்த்து விலை கேட்பார்கள். அண்ணை அதைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, கடைக்காரரிடம் “மல்லி, டோர்ச் எக கஹன்ன” என்று சிங்களத்தில் டோர்ச் அடிக்கச் சொன்னாராம். அந்த மனிதரும் கைத்தொலைபேசி வெளிச்சத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த ஒரு தம்பதி, நடக்கிறது என்னவென்று விளங்காமல் வந்த வழியே போய்விட்டது. துணிக்குள் இருந்து தீர்ப்பு வந்தது.

“சரிவராது. உங்கட மூக்கு தெரியுது.”

இப்படியே பம்பலப்பிட்டி வரைக்கும் ஒரு கடை மிச்சமில்லை. கடைசியில் கறுப்புத்தான் இருட்டு என்ற முடிவோடு ஒரு கறுப்புத் துணியைக் கொண்டுவந்தார். அக்கா அதை வாசலிலேயே மறித்துவிட்டார்.

“யன்னலில கறுப்பைத் தொங்கவிட்டா, இண்டைக்கு என்ன துக்க தினமோ எண்டு ரோட்டால போற சனம் கேக்கும். வேற நிறம் பாருங்கோ.”

நிறத்தில் ஒன்றும் இல்லை, பின்பக்கப் பூச்சில்தான் எல்லாம் இருக்கிறது என்று கடைக்காரர்களும் சொல்லிக் களைத்திருந்தார்கள். அண்ணை அரைமனதோடு சந்தன நிறத்தில் ஒரு துணி வாங்கிவந்து யன்னலில் ஒட்டி, மூன்றாம் மாடி ரீச்சரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். அறைக்கதவைச் சாத்திவிட்டுக் கையை நீட்டி, “எத்தினை விரல் தெரியுது?” என்றார்.

ரீச்சருக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் விட்டு அவருக்குப் பழக்கமில்லை. “மூண்டு” என்றார். அண்ணை நீட்டியிருந்ததும் மூன்றுதான். அருமையான துணி அடுத்த நாளே கடைக்குத் திரும்பிப் போனது.

ரீச்சர் குத்துமதிப்பாகச் சொன்ன விஷயம் வெளியே வந்த பிறகு அதே துணியைத் திரும்ப வாங்கினார். யன்னல் சட்டத்துக்கு வெளியே நாலு பக்கமும் நீண்டு நிற்கிற மாதிரி அளவு கொடுத்தார். கதவின் திறப்புத் துவாரத்தில் பஞ்சு அடைத்தார். இனி இருட்டுத்தான் என்று கதவைச் சாத்தினால், மூலையில் செக்கச்செவேலென்று ஒரு வெளிச்சம். சாமித்தட்டு அந்த அறையில்தான். இரவு பகல் எரிகிற சிவப்புப் பல்ப், பிள்ளையாருக்கு முன்னால்.

அதை நிறுத்துகிற பேச்சுக்கே இடமில்லை என்று அக்கா சொல்லிவிட்டார். அண்ணை பிள்ளையாருக்கும் அதே துணியில் ஒரு சின்னத் திரை ஓடர் பண்ணினார். அதைப் பொருத்த வந்த மனிதர் ஒரு முழத் திரையைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வீட்டில் இவ்வளவு சின்ன யன்னல் எங்கே என்று தேடியிருக்கிறார். அக்கா கோபிக்கவில்லை.

“கோயிலிலயும் திரை போடுறதுதானே. அவரும் என்னோட கொஞ்சம் படுக்கட்டும்.”

வெளிச்சம் ஒழிந்தது, சத்தம் மிஞ்சியது. வீட்டுக்குள் இருந்தால் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்குமாம். அதனால் அண்ணை ஒரு கதிரையைத் தூக்கி வாசலுக்கு வெளியே, படிக்கட்டுப் பக்கம் போட்டுக்கொண்டார். காலையில் அதில் உட்கார்ந்தால் அக்கா எழும்பும்வரை அசையமாட்டார். பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிசும் விற்க வருகிற ஆட்டோ, எங்கள் ஒழுங்கையில் அவருக்காகப் பாட்டை நிறுத்திவிடும். மீன்காரர் வாயால் கூவாமல் கையால் மீனின் நீளம் காட்டுவார். நாங்களும் அந்த மாடியில் கள்ளர் மாதிரிப் பதுங்கித்தான் ஏறுவோம். பைத்தியம் என்று அவரைச் சொல்லாத ஆள் கட்டடத்தில் இல்லை, நானும் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு பின்னேரம் பஸ் தரிப்பில் அக்காவைக் கண்டேன். வேலைக்குப் போகிற உடுப்பில், முகம் தெளிவாக இருந்தார்.

“இப்ப நல்லா நித்திரை வருதோ அக்கா?”

“ஓம், அடிச்சுப்போட்ட மாதிரிப் படுக்கிறன். மருந்து மாறிப்போகுமோ எண்ட பயமும் போயிட்டுது.” கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். “ஆனா திரையின்ர மேல் மூலையால வெயில் வருது. மூண்டு மணிக்கு நேரே கண்ணில விழும். அந்த நேரம் இவர் வெளியில காவலுக்கு இருக்கிறபடியால கண்டதில்லை.”

“சொல்லேல்லையோ?”

“சொன்னா எல்லாத்தையும் கழட்டிப்போட்டுத் திரும்பக் கடைகடையா ஏறுவார். நான் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திடுவன். வாசலில இவர் இருக்கிறார் எண்டு நினைச்சாலே கண் சொருகிடும் தம்பி. நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ.”

பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

நான் சொல்லவில்லை. அவரைத் தெரிந்த வாசகர்களும் தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம். அந்தக் கதிரை ஒரு நாள் வெறுமையாகக் கிடந்தாலே எனக்கு மனது சரியில்லாமல் போய்விடுகிறது.